முதல் ரீல் கமிட்டி

“ரெண்டாவது ரீலையும் போடுங்க” என்றாள் சந்திரமதி.

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் கமிட்டி அதைப் பெண்பிள்ளையின் கோபம் என்று ஒதுக்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருக்கும். ஒரு தம்ளர் தண்ணீர் கேட்பதுபோல் கேட்டதால்தான் எல்லோருக்கும் திக்கென்றது. புரொஜெக்டரிலிருந்து முதல் ரீலைக் கழற்றிக்கொண்டிருந்த ஆப்பரேட்டர் நல்லையாவின் கை அப்படியே நின்றது. ஜன்னலோரம் கண்ணயர்ந்திருந்த பொன்னுதுரை விழித்துக்கொண்டார். தலைவர் ராஜரத்தினம் தங்க ஃபிரேம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, அவளை அன்றுதான் முதல்முறையாகப் பார்ப்பவர்போல் பார்த்தார்.

“மிஸ் சந்திரமதி, வேலையில சேர்ந்த அன்னிக்கு நான் என்ன சொன்னேன்?”

“மூணு விஷயம் சொன்னீங்க ஐயா. லேட்டா வரக்கூடாது. இருட்டுல சிரிக்கக்கூடாது. எந்தக் காலத்திலயும் ரெண்டாவது ரீலைக் கேட்கக்கூடாது.”

“அப்புறம்?”

“இன்னிக்கு நேரத்தோட வந்துட்டேன். சிரிக்கவும் இல்ல.”

அறையின் மூலையில் ஒரு கோணிச்சாக்கு கிடந்தது. வாயைக் கட்டி அரக்கு முத்திரை வைத்திருந்தார்கள். உள்ளே உருண்டையாக, கனமாக ஏதோ இருந்தது. அது பலாப்பழம் என்று கீழே அரிசிக் கடையில் மூட்டை தூக்குகிறவர்களுக்குத் தெரியும். மலாக்காவின் காஜா பெராங் சாலையில் அந்தப் பக்கமாக சைக்கிளில் போகிறவர்களுக்கும் தெரியும். அந்த வாசனை அப்படி. ஈக்களுக்கும் தெரிந்திருந்தது. கமிட்டிக்கு மட்டும் தெரியாது. கமிட்டியைப் பொறுத்தவரை அது ‘உருண்டையானதும் கனமானதும் இன்னதென்று சொல்ல முடியாததுமான ஒரு பொருள்’. சாக்கின் மேலே ஆணியில் ஒரு பழைய தொப்பியும் மழைக்கோட்டும் தொங்கின.

இந்த மூன்றையும் கொண்டு வந்தவன் போலீஸ் ஸ்டேஷன் லாக்கப்பில் இருந்தான். பெயர் தியாகு. சந்திரமதியின் அண்ணன். இன்று சாயங்காலம் கமிட்டி தன் முடிவை எழுதிக் கொடுத்தால், மெர்டேக்கா என்னும் சுதந்திர நாளுக்கு முன்னால் அவனைக் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்பிவிடுவார்கள். ‘சொந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்புதல்’ என்று அதற்குப் பெயர். தியாகு பிறந்தது குருபோங்கைத் தாண்டியிருக்கும் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். உஜோங் பாசிர் கடற்கரையில் முழங்கால் வரை நின்றிருக்கிறான். கடலோடு அவனுக்கு இருந்த பழக்கம் அவ்வளவுதான்.

கமிட்டியின் கதையையும் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அந்த அறையில் இருந்தவர்களை எல்லாம் பைத்தியங்கள் என்று நினைத்துவிடுவார்கள். அவர்கள் பைத்தியங்கள் அல்ல. எல்லோரும் பென்ஷன் வாங்குகிறவர்கள்.

மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவசரகாலம் ஆரம்பித்த புதிதில், சென்னையிலிருந்து வரும் துப்பறியும் படங்கள் ஜனங்களின் மனத்தைக் கெடுக்கின்றன என்று யாரோ மேலே எழுதிப் போட்டார்கள். அப்படிப்பட்ட படங்களை முன்கூட்டியே பார்த்துச் சொல்ல மலாக்காவில் ஒரு கமிட்டி போடப்பட்டது. அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற ராஜரத்தினம் தலைவர். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த யாழ்ப்பாணத்துப் பொன்னுதுரை ஓர் அங்கத்தினர். துணிக்கடை ஹாஜி முகம்மது இன்னொருவர். அப்போது ஊரடங்கு இருந்தது. படம் முழுவதையும் பார்த்தால் ஊரடங்குக்கு முன்னால் வீடு போய்ச் சேர முடியாது. எனவே, முதல் ரீலை மட்டும் பார்த்து முடிவு சொல்லலாம் என்று ஒரு தற்காலிக விதி எழுதினார்கள்.

பிறகு மலாக்கா, கம்யூனிஸ்ட் பயம் நீங்கிய ‘வெள்ளைப் பகுதி’ ஆயிற்று. ஊரடங்கு போய்விட்டது. விதி போகவில்லை. அது எதற்காக எழுதப்பட்டது என்று நினைவிருந்தவர்கள் மாற்றலாகிப் போனார்கள். மீதமிருந்தவர்கள் அதற்கு ஒரு தத்துவம் கண்டுபிடித்தார்கள்.

“ஒரு மர்மப் படத்துக்கு முதல் ரீல்தான்மா உசிரு” என்று ராஜரத்தினம், சந்திரமதி சேர்ந்த அன்றே பாடம் எடுத்தார். “டைரக்டர் என்ன சொல்லணுமோ அதை அங்கேயே சொல்லிடுவான். மிச்சமெல்லாம் ஜனங்களை உட்கார வைக்கிறதுக்கு. நமக்கு எதுக்கு அது?”

அறிகுறிகளை அவர் விரல் மடக்கிச் சொல்லிக் கொடுத்தார். மழை பெய்து, காட்சியில் குடியானவன் யாரும் இல்லையென்றால் அது குற்ற மழை. காலியான அறையில் டெலிபோன் அடித்தால் அதை எடுக்க வேண்டியவர் உயிரோடு இல்லை. நாய் குரைத்துக்கொண்டே இருந்தால் திருடன். குரைத்துவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் கொலைகாரன். கடிகாரம் அடிக்கும்போது விளக்கு அணைந்தால் அலமாரியைத் திறக்கக்கூடாது. ஒரு பெண் பாட ஆரம்பித்தால் பாட்டு முடியும்வரை அவளுக்கு ஆபத்தில்லை. காமிரா யாருடைய முகத்தைக் காட்டாமல் காலணியை மட்டும் காட்டுகிறதோ, அவன்தான் ஆள். அதில் சந்தேகமே கிடையாது.

“அப்ப நல்லவங்கள எப்படிக் கண்டுபிடிக்கிறது ஐயா?”

“வெளிச்சத்துல இருப்பாங்க. நாற்காலியில சாஞ்சு உட்கார்ந்திருப்பாங்க. வெள்ளைச் சட்டை, மூக்குக் கண்ணாடி, கையில பத்திரிகை.” இதைச் சொன்னபோது அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் பத்திரிகை இருந்தது.

சந்திரமதி சிங்கப்பூரில் இருக்கும் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. முடித்திருந்தாள். அவள் பிறந்த லயத்தில் அதற்கு முன் நான்காம் வகுப்பைத் தாண்டியவர்கள் இல்லை. தியாகுவும் நான்காம் வகுப்பில் நின்றவன்தான். தங்கச்சி படிக்கட்டும் என்று பன்னிரண்டு வயதில் ரப்பர் பால்வாளியைக் கையில் எடுத்தவன். பட்டம் வாங்கிக்கொண்டு வந்தவளுக்கு மலாக்காவில் கிடைத்தது இந்த வேலை. முதல் ரீலைப் பார்த்துவிட்டுப் படத்தின் முழுக் கதையையும் சுருக்கமாக எழுதிக் கையெழுத்திட வேண்டும். அவள் கையெழுத்து இல்லாமல் கமிட்டியின் முடிவு மேலே போகாது. பட்டதாரி ஒருவர் உறுதி செய்ய வேண்டும் என்பது விதி.

“பார்க்காத கதையை எப்படி எழுதறது?” என்று முதல் வாரமே கேட்டாள்.

“நீங்க பட்டதாரி பிள்ளை” என்றார் பொன்னுதுரை. “பட்டம் எண்டால் அதுக்குத்தானே.”

எழுதினாள். நன்றாகவே எழுதினாள். ஒரு படத்துக்கு அவள் எழுதிய சுருக்கம் தியேட்டரின் பாட்டுப் புத்தகத்தில் அச்சாகிவிட்டது. படம் பார்க்க வந்த ஜனங்கள், திரையில் ஓடும் கதை தவறானது என்று சொல்லி டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டார்கள். கமிட்டி கூடி ஆலோசித்தது. மீதமுள்ள படத்தைச் சுருக்கத்துக்கு ஏற்றபடி திருத்தி அனுப்புமாறு சென்னைக்கு எழுதியது. பதில் வரவில்லை. பதில் வராததையும் ஓர் அறிகுறியாகக் குறித்துக்கொண்டார்கள்.

இன்னொரு படத்தில் தொப்பி அணிந்த ஒருவன் முதல் ரீலில் முகம் காட்டாமல் சுவரோரமாக நடந்தான். அவன் வரும் இடங்களை எல்லாம் வெட்டச் சொன்னார் தலைவர். வெட்டினார்கள். அவன்தான் கதாநாயகன் என்பது படம் வெளியான பிறகு தெரிந்தது. கதாநாயகி நான்கு காதல் பாட்டுகளையும் வெறும் மரத்தைப் பார்த்துப் பாடினாள். கல்யாணக் காட்சியில் தாலி தானாக நகர்ந்தது. பேய்ப்படம் என்று நினைத்துக் கூட்டம் அலைமோதியது. தியேட்டர்காரர் தலைவருக்கு மாலை போட்டார்.

இதுவரைக்கும் சந்திரமதியால் சிரிக்க முடிந்தது, வெளிச்சத்தில்.

ஒருநாள் அவசரகால விஷயங்களைப் பார்க்கும் ஓர் அதிகாரி காட்சிக்கு வந்தார். பின்வரிசையில் உட்கார்ந்து, தலைவர் அறிகுறிகளை விளக்குவதைக் கேட்டார். விளக்கு போட்டதும் எழுந்து நின்று, “பத்து நிமிஷத்துல ஆளைக் கண்டுபிடிச்சிடுறீங்களே! எங்க ஆளுங்களுக்கு மாசக்கணக்காகுது” என்றார்.

ராஜரத்தினத்தின் முகம் மலர்ந்தது. “படமும் ஊரும் ஒண்ணுதான் சார். ரெண்டுலயும் வர்றவன் எப்படி வர்றான்னு பார்த்தா போதும்.”

“ஆனா மலாக்கா வெள்ளைப் பகுதியாச்சே. இங்க இப்ப ஒண்ணும் நடக்கிறதில்லையே.”

“அதுதான் சார் பயம்” என்றார் தலைவர். “எல்லா மர்மப் படமும் அப்படித்தான் ஆரம்பிக்கும். அமைதியான ஊரு. சிரிக்கிற ஜனங்க. ஒண்ணும் நடக்காது.”

அதிகாரி குரலைத் தாழ்த்தி, ஆகஸ்ட் கடைசியில் மெர்டேக்கா வருகிறது, அது இந்த நாட்டின் முதல் காட்சி, அதில் வேண்டாத ஆள் யாரும் நிற்கக்கூடாது என்றார்.

அடுத்த வாரத்திலிருந்து கமிட்டி பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தது. தியேட்டரிலிருந்து நாற்காலிகள் வந்தன. பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களை வரிசையாகப் பார்த்தார்கள். ஒரு ரீல் ஓடும் நேரம் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்கள். அதற்கப்புறம் அந்த ஆள் எங்கே போனார், யாரைப் பார்த்தார் என்பதெல்லாம் இரண்டாவது ரீல்.

பத்து பெரெண்டாம் என்ற ஊரிலிருந்து பூங்காவனம் என்பவர் பல்வலியோடு வைத்தியரைப் பார்க்க வந்தார். கன்னத்தைச் சுற்றித் துணி கட்டியிருந்தார். முகம் தெரியவில்லை. பஸ்ஸிலிருந்து முதலில் அவருடைய கால்தான் இறங்கியது.

“கால்!” என்றார் பொன்னுதுரை.

எல்லோருக்கும் கால்தான் முதலில் இறங்கும் என்று சந்திரமதி சொன்னாள். “ஆனா முகம் அப்புறமா இறங்கணுமே மவளே. இறங்கலையே” என்றார் ஹாஜி, வருத்தத்தோடு. அவர் எதையும் வருத்தத்தோடுதான் ஒப்புக்கொள்வார்.

‘முகத்தை மறைத்தபடி ஊருக்குள் வந்தார்’ என்று சந்திரமதி எழுதிக் கையெழுத்திட்டாள். அது பொய்யில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பூங்காவனம் ஒரு மாதம் கழித்து லாக்கப்பிலிருந்து திரும்பி வந்தார். கன்னத்தில் துணி இல்லை. பல்லும் இல்லை, உள்ளேயே விழுந்துவிட்டதாம். ஒரு பல்தான் வலித்தது. விழுந்தவை பல. எப்படி விழுந்தன என்று யாரும் கேட்கவில்லை. அது இரண்டாவது ரீல்.

அதற்குப் பிறகு சந்திரமதிக்கு வெளிச்சத்திலும் சிரிப்பு வரவில்லை. ஊரிலும் சத்தம் குறைந்துவிட்டது. பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் முகத்தை முன்னே நீட்டிக்கொண்டு இறங்கினார்கள். மழை வந்தால் கடைக்காரர்கள் வாசலுக்கு வந்து, பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். யாரும் தொப்பி போடவில்லை. கதவைத் தட்டுகிறவர்கள் தட்டுவதற்கு முன்னால் தங்கள் பெயர், அப்பா பெயர், தொழில் எல்லாவற்றையும் உரக்கச் சொன்னார்கள். நாய் குரைத்துவிட்டு நிறுத்தினால், வீட்டுக்காரர் ஓடிவந்து அதை மறுபடி குரைக்க வைத்தார்.

தோட்டத்தில் இருந்த தியாகுவுக்கு இதெல்லாம் தெரியாது.

தோட்டத்து வெள்ளைக்காரத் துரை மெர்டேக்காவுக்கு முன்னால் ஊருக்குக் கிளம்பினான். கிளம்பும்போது பழைய தொப்பியையும் மழைக்கோட்டையும் தியாகுவிடம் விட்டுப்போனான். அதைப் போட்டுக்கொண்டு தங்கச்சியைப் பார்க்கப் போக வேண்டும் என்று தியாகுவுக்கு ஆசை. அவளுக்குப் பிடிக்கும் என்று லயத்துக்குப் பின்னால் காய்த்த பலாவில் பெரிதாக ஒன்றைச் சாக்கில் கட்டிக்கொண்டு, காலில் புது சப்பாத்து போட்டுக்கொண்டு பஸ் ஏறினான். காஜா பெராங்கில் இறங்கியபோது நல்ல மழை. கரண்டு போயிருந்தது. சந்திரமதி வாடகைக்கு இருந்த அறை மூன்று வீடு தள்ளி. தியாகு இருட்டில் வீடு தெரியாமல் ராஜரத்தினத்தின் வீட்டு முன்நடையான அஞ்சடியில் ஏறி நின்றான். சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. சப்பாத்து கிறீச்சிட்டது. உள்ளே கடிகாரம் அடித்தது. கதவைத் தட்டினான்.

“யாரது?”

தியாகு பெரிய மனிதர்கள் வீட்டில் எப்போதும் சொல்வதையே, அடக்கமாக, மெதுவாகச் சொன்னான்.

“நான்தான்.”

தலைவர் ராஜரத்தினம் அப்போது போட்ட சத்தம் டிராங்கெரா வரைக்கும் கேட்டதாகச் சொல்கிறார்கள்.

இப்படித்தான் சாக்கு இந்த அறைக்கு வந்தது. அதைத் திறந்து பார்க்கலாமே என்று சந்திரமதி முதல் நாளே சொன்னாள். தலைவர் மறுத்தார். அவன் கொண்டு வந்தபோது அது மூடியிருந்தது. மூடியிருந்ததுதான் முதல் ரீல். திறப்பது இரண்டாவது. பழம் நாளுக்கு நாள் பழுத்தது. பொன்னுதுரை மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, “இந்த மணத்தைப் பற்றிக் கதைக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை” என்றார்.

அண்ணன் என்பதால் அவள் இந்த விஷயத்திலிருந்து விலகி நிற்கலாமே என்று ஹாஜி கேட்டுப் பார்த்தார். கமிட்டிக்கு வேறு பட்டதாரி இல்லை.

இன்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ‘தொப்பிக்காரன் வந்தான்’ என்ற படத்தின் முதல் ரீலைப் போட்டார்கள். மழை, இருட்டு, சப்பாத்து, தொப்பி, கதவு, “நான்தான்” என்ற குரல். எல்லாம் இருந்தன. கதவுக்கு உள்ளே வெளிச்சத்தில் ஒரு கனவான் நாற்காலியில் சாய்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். ரீல் முடிந்தது. “அப்படியே உரிச்சு வச்சிருக்கு” என்றார் தலைவர். அப்போதுதான் சந்திரமதி இரண்டாவது ரீலைக் கேட்டாள்.

“நல்லையா, அந்த ரெண்டாவது ரீல் டப்பாவைக் கீழ வை” என்றார் தலைவர்.

“வைக்காதீங்கண்ணே” என்றாள் சந்திரமதி. “போடலைன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன். அவ்ளோதான்.”

தூரத்தில் இடி உருண்டது. கையெழுத்து இல்லாவிட்டால் முடிவு மேலே போகாது. முடிவு போகாவிட்டால் மெர்டேக்காவுக்கு முன்னால் ஆளை அனுப்ப முடியாது. நாட்டின் முதல் காட்சி கெட்டுப்போகும்.

ஹாஜிதான் வழி கண்டுபிடித்தார். “கண்ண மூடிக்கிட்டா?”

“என்ன?”

“ரீலு பாட்டுக்கு ஓடட்டும். நாம கண்ண மூடிக்குவோம். போட்ட மாதிரியும் ஆச்சு, பார்க்காத மாதிரியும் ஆச்சு. அந்தப் புள்ள மனசும் நோவாது.”

பொன்னுதுரை யோசித்தார். “ஓம். ரயில் ஓடலாம். டைம்டேபிளில் இல்லாதவரைக்கும் அது ஓடாத ரயில்தான்.”

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. இரண்டாவது ரீல் ஓட்டப்படும், பார்க்கப்படாது. நல்லையா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு ஓட்ட வேண்டும். விளக்கு அணைந்தது. மூன்று பெரியவர்களும் ஸ்வாமி கும்பிடுகிறவர்கள்போல் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

சந்திரமதி மூடவில்லை.

திரையில் கதவு திறந்தது. தொப்பிக்காரன் உள்ளே வந்து தொப்பியைக் கழற்றினான். களைத்துப்போன, சாதுவான ஒரு முகம். மாடியிலிருந்து ஒரு பெண் ஓடிவந்தாள். “தங்கச்சி, நான்தான்” என்று அவன் சொன்னான். அவள் அவன் தோளில் சாய்ந்து அழுதாள். காமிரா அவர்களை விட்டு மெதுவாக நகர்ந்து நாற்காலிக்குப் போனது. கனவான் பத்திரிகையை மடித்தார். எழுந்து போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். மேஜையின் இழுப்பறையைத் திறந்து, உள்ளே இருந்ததைத் துணியால் துடைத்தார். பிறகு, படித்தவர்களின் மென்மையான குரலில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்:

“நல்ல வேளை. எல்லோரும் அந்தத் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.”

சந்திரமதிக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. முதல் ரீல் சொல்வதற்காக எடுக்கப்படுவதில்லை. மறைப்பதற்காக எடுக்கப்படுவது. மழையையும் சப்பாத்தையும் நம் கண்ணெதிரே ஆட்டிக்காட்டி, நாற்காலியை மறக்கடிப்பதற்காக. உஜோங் பாசிரில் கச்சான் கடலை விற்கிற கிழவிக்குக்கூட இது தெரிந்திருக்கும். அவள் முழுப்படமும் பார்க்கிறவள். வருஷக்கணக்கில் முதல் ரீல் மட்டும் பார்க்கிற இந்த மூன்று பேர்தான், படம் எடுத்தவன் விரித்த வலையைப் படத்தின் தீர்ப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்று பேரா?

அவள் திரும்பிப் பார்த்தாள். பொன்னுதுரையின் கண்கள் இறுக மூடியிருந்தன. ஹாஜியின் உதடுகள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தன. ராஜரத்தினத்தின் தங்க ஃபிரேமில் திரையின் வெளிச்சம் ஆடியது. அதற்குப் பின்னால் ஒரு கண் திறந்திருந்தது. அந்தக் கண்ணில் ஆச்சரியம் இல்லை. கனவான் தன் வசனத்தை மறுபடி சொல்ல ஆரம்பித்தார். அவர் சொல்வதற்கு ஒரு நொடி முன்னாலேயே தலைவரின் வாய் அதே சொற்களை அசைத்தது.

விளக்கு வந்தது.

“கேட்டீங்களா?” என்றார் பொன்னுதுரை பரபரப்பாக. “தொப்பியைப் பற்றி ஆரோ கதைச்சது. தொப்பிக்காரன்தான் கதைச்சிருப்பான். தன் வாயாலேயே ஒப்புக்கொண்டான்!”

“அட அல்லா, பாவமே” என்றார் ஹாஜி.

“நீங்க ரெண்டு பேரும் கீழ போய்த் தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்க” என்றார் தலைவர். “நல்லையா, நீயும் போ.”

படிக்கட்டில் அவர்களின் காலடி இறங்கி ஓய்ந்தது. ராஜரத்தினம் நாற்காலியில் சாய்ந்தார்.

“பார்த்திட்டேல்ல?”

“நீங்களும்தான். எத்தனாவது தடவை?”

“எல்லாப் படத்தையும் பார்ப்பேன்மா. நல்லையாவை அனுப்பிட்டு நானே போட்டுக்குவேன். தலைவன் ஒருத்தனாவது முழுக் கதையும் தெரிஞ்சு வச்சிருக்கணுமில்ல?”

“அப்ப எங்க அண்ணன்...”

“உங்க அண்ணன்னு அன்னைக்கே தெரியும். ‘நான்தான்’னு சொன்னவன், அடுத்தாப்ல ‘சந்திரமதி வீடு எதுங்க ஐயா’ன்னு கேட்டான். தொப்பியக் கழட்டிட்டுத்தான் கேட்டான். நல்ல பையன்.”

சந்திரமதி மூலையில் கிடந்த சாக்கைப் பார்த்தாள்.

“தெரிஞ்சுமா சத்தம் போட்டீங்க?”

“சத்தம் அதுக்கு முன்னாலயே வந்திடுச்சேம்மா. தெரு முழுக்க விளக்கைத் தூக்கிக்கிட்டு ஓடியாந்திட்டாங்க. நான் கமிட்டித் தலைவன். பலாப்பழத்தைப் பார்த்துப் பயந்துட்டேன்னு ஊரு சொல்லலாமா? நான் பயந்தா அது சரியான பயமா இருக்கணும். அதுக்கு அவன் சரியான ஆளா இருக்கணும்.” அவர் குரலில் கோபமே இல்லை. வகுப்பில் பாடம் நடத்துவதுபோல் பொறுமையாகச் சொன்னார். “ஜனங்க ரெண்டாவது ரீலைப் பார்க்க ஆரம்பிச்சா நம்ம கமிட்டி எதுக்கு? நான் எதுக்கு? யோசிச்சுப் பாரு. மெர்டேக்காவுக்கு அப்புறம் இது கோலாலம்பூர்ல பெரிய போர்டு ஆவுது. பட்டதாரி கேட்டிருக்காங்க. உன் பேரைத்தான் சொல்லியிருக்கேன். பென்ஷன் உத்தியோகம். நீ போடப்போறது ஒரு கையெழுத்து.”

“எங்க அண்ணனைக் கப்பல் ஏத்துறதுக்கு.”

“வேற யாரோட அண்ணனா இருந்தா போட்டிருப்பே. பூங்காவனத்துக்குப் போட்டியே?”

“போட்டேன்” என்றாள் சந்திரமதி.

“அப்புறமென்ன?”

“அதனாலதான்.”

அவள் எழுந்தாள். தலைவர் அசையவில்லை. “ஸ்டேஷனுக்குப் போயி சாட்சி சொல்லலாம்னு நினைக்கிறியா? முதல் ரீல்ல வந்தவனுக்காகப் பேச வர்றவங்களை நாங்க என்னன்னு எழுதுவோம்னு உனக்குத் தெரியும். நீதானே எழுதுவே. கூட்டாளி. உனக்கும் பொறப்புப் பத்திரம் கிடையாதுல்ல? ஒரே லயம்தானே. கப்பல்ல இன்னும் ஓர் ஆளுக்கு இடம் இருக்கும்மா.”

ரெண்டாவது ரீலைப் போடுங்க என்று வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அவள் இதையெல்லாம் கணக்குப் பார்த்து முடித்திருந்தாள். அவர்கள் போட மாட்டார்கள், போட்டாலும் பார்க்க மாட்டார்கள், பார்த்தாலும் எழுத மாட்டார்கள். தெரிந்துதான் கேட்டாள். கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று இருந்தது.

ஆணியிலிருந்து மழைக்கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள். அது அவளுக்கு முழங்காலுக்குக் கீழே தொங்கியது. தொப்பியை எடுத்துப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். சாக்கைத் தூக்கித் தோளில் போட்டாள். கனத்தது. அரக்கு முத்திரை உடைந்து சிதறியது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. விளக்கு ஒருமுறை மங்கி, எரிந்து, அணைந்தது.

“மிஸ் சந்திரமதி, அது கமிட்டிச் சொத்து!”

அவள் படியிறங்கினாள். சாக்கின் அடியிலிருந்து ஏதோ சொட்டியது. கீழேயிருந்து தேநீர்க் குவளைகளோடு ஏறி வந்துகொண்டிருந்த பொன்னுதுரையும் ஹாஜியும் பாதிப் படியில் நின்றுவிட்டார்கள். இருட்டில் ஒரு தொப்பி இறங்கி வந்துகொண்டிருந்தது. ஒரு குவளை உருண்டு ஓடியது.

“ஆ... ஆரது?”

“நான்தான்” என்றாள் சந்திரமதி.

அவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழி விட்டார்கள். அவள் அரிசிக் கடையைக் கடந்து, அஞ்சடியைக் கடந்து, கட்டியிருந்த மெர்டேக்காத் தோரணங்கள் நனைந்து தொங்கிய தெருவில் இறங்கினாள். இன்ஸ்பெக்டரின் மேஜைமேல் இந்தப் பழத்தை அறுத்துப் போட வேண்டும். அப்புறம் அண்ணன் இருக்கும் பக்கமாகப் போய் உட்கார வேண்டும். உட்கார இடம் கொடுப்பார்கள். அதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை.

மேலே ஜன்னல் திறந்தது. “நில்லு!” என்று தலைவரின் குரல் மழையைக் கிழித்துக்கொண்டு வந்தது. “திரும்பு! முகத்தைக் காட்டு!”

வருஷம் முழுக்க அவர்கள் எதிரிலேயே காட்டிக்கொண்டிருந்த முகம்தான். சந்திரமதி திரும்பவில்லை. போலீஸ் ஸ்டேஷன் இருக்கும் பக்கமாக நடந்தாள்.

ஜன்னலில் ராஜரத்தினம் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பழக்க தோஷத்தில் சொல்ல ஆரம்பித்தார். மழை. இருட்டு. தொப்பி. தோளில் உருண்டையான ஒரு பொருள். முகம் தெரியவில்லை. ஒவ்வொன்றாக, நிறுத்தி, தெளிவாகச் சொன்னார்.

எழுதிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.